கெளுத்தி குத்தாத கால்

ஏரியில் இறங்கவே கூடாது என்று டாக்டரம்மா சொன்னதை, ஆழத்தில் இறங்கக் கூடாது என்று நானே திருத்தி வைத்துக்கொண்டவன் நான். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவன் சேற்றுத் தண்ணீரில் நிற்கலாமா? முழங்கால் அளவுதானே என்று நின்றேன். பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிக்கிற குடும்பம் எங்களுடையது. உடம்புக்குள் ஒரு உறுப்பு புதுசாக வந்தால் புத்தியும் புதுசாகவா வரும்?

அதனால் கெண்டைக்காலில் ஊதா நிறத்தில் முதல் புள்ளி வந்தபோது, கெளுத்தி முள் குத்திவிட்டது என்று தீர்ப்புச் சொல்லி, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினேன். புள்ளிகள் நாலைந்தாகித் தடித்தன. அப்போதும் என் பயமெல்லாம் மனைவி கோமளா பார்த்துவிடக் கூடாதே என்பதுதான். அந்தச் சிறுநீரகம் அவள் கொடுத்தது. பழவேற்காட்டு வெயிலில் வீட்டுக்குள் பேன்ட் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

"இன்னாயா, வூட்ல பேன்ட்டு? பொண்ணு பாக்கப் போறியா?"

ஏற்றிக் காட்டவேண்டியதாயிற்று. கெளுத்தி என்றேன். அவள் விரலால் அழுத்தினாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"கெளுத்தி குத்தியிருந்தா ஊரையே கூட்டியிருப்ப நீ. கெளம்பு."

சென்னை ஆஸ்பத்திரியில் பயாப்சி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். கபோசி சர்கோமா (ரத்தக் குழாய்களின் உட்சுவரில் தொடங்கும் ஒரு புற்றுநோய்) என்றார் டாக்டரம்மா. ஏரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னார். "பாத்தியா" என்று கோமளாவிடம் திரும்பினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

காரணம் ஒரு வைரஸ். சிலர் உடம்பில் சத்தமில்லாமல் கிடக்குமாம். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க நாம் விழுங்கும் மாத்திரைகள், உடம்பின் காவல்காரர்களைத் தூங்க வைக்கின்றன. அந்த நேரம் பார்த்து அது எழுந்துவிடுகிறது.

"மாத்திரையைக் குறைக்கணும். குறைச்சா கட்டி சுருங்கலாம். ஆனா கிட்னிக்கு ஆபத்து இருக்கு" என்றார்.

"குறைக்கலன்னா மேடம்?" என்றேன்.

"நுரையீரல், குடல்னு பரவலாம்."

எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவன் நான். அன்று அதைத் தேடி எடுப்பதற்குள் கோமளா சொல்லிவிட்டாள், "கொறைங்கம்மா."

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது இப்படி ஒரு புள்ளி இருந்தால், நீங்களாக அதற்குப் பெயர் வைக்காதீர்கள். நீங்களாக மாத்திரையையும் குறைக்காதீர்கள். உடனே காட்டிவிடுங்கள். திட்டு வாங்கி யாரும் செத்ததில்லை.

என் புள்ளிகள் மங்கி வருகின்றன. கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் வேலை குறைந்தால் ரத்தத்தில் கூடும் கழிவு) மெல்ல ஏறுகிறது. முன்பெல்லாம் காற்றைப் பார்த்து நாளைக்கு என்ன என்று சொல்லிவிடுவேன். இப்போது ஒரு ரத்தப் பரிசோதனையிலிருந்து அடுத்தது வரைதான் எனக்குக் காலம். குளிக்கும்போது தேறிவரும் காலைப் பார்த்துச் சந்தோஷப்படப் போனால், கை தானாக அடிவயிற்றில் அவளுடைய சிறுநீரகம் இருக்கும் இடத்துக்குப் போய்விடுகிறது. ஒரே உடம்பில் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை.

போன தடவை கிரியாட்டினின் அளவு இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது. பொன்னேரியில் ரத்தப் பரிசோதனை முடிந்து திரும்பும் பஸ்ஸில், அவளைச் சிரிக்க வைக்கலாமென்று கேட்டேன்.

"நீ குடுத்தது வீணாப் போய்டும் போலக்கீதே. வுட்டுட்டுப் போய்டுவியா?"

ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்:

"நான் இன்னா கிட்னிக்கா வாக்கப்பட்டேன்?"