மிதந்த அரிசி

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், கரும்புக் காட்டை ஒட்டிய அந்தத் தெருவில் சோறாக்கும் ஆம்பளை என்றால் கொளஞ்சியப்பன் ஒருவர்தான்.

முன்பு அவர் கரும்பு வெட்டுக்காரர். ஒரு நாள் கரும்புக் கட்டைத் தலையில் சுமந்துகொண்டு, லாரியில் சாய்த்து வைத்த பலகையில் ஏறும்போது கால் வழுக்கிவிட்டது. பலகை பனியில் நனைந்திருந்தது. முதுகுத் தண்டில் தட்டு நகர்ந்துவிட்டதாம். இனி குனிந்து வெட்டக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து வெட்டுக் கத்தியை மனைவி செல்லியம்மாள் எடுத்துக்கொண்டாள். கரண்டி இவர் கைக்கு வந்தது.

முதல் ஆறு மாதம் அவர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு ஒரு நாள் குழையும், ஒரு நாள் அடிப்பிடிக்கும். பிறகு எப்படியோ அதில் மனது போய்விட்டது. கரும்பு வெட்டை எப்படிக் கற்றாரோ அப்படியே சமையலையும் கற்றார்.

ஒரு பிடி நெத்திலிக் கருவாட்டில் மூன்று பேருக்கு இரண்டு நாள் குழம்பு வைப்பார். கருவாட்டை வெறும் சட்டியில் வறுத்து, தலைகளை மட்டும் கிள்ளிப் பொடித்து முதல் நாள் குழம்பில் கரைத்துவிடுவார். வாசனை முழுக்கத் தலையில்தான் இருக்கிறது என்பார். உடம்பு மறுநாளைக்கு. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கி முடித்த காட்டில் மண்ணுக்குள் உடைந்து தங்கும் துண்டுகளை, ஏழாவது படிக்கும் மகள் ஜெயசுதா லீவு நாளில் கிளறி எடுத்து வருவாள். அதை வேகவைத்து மசித்து, அரிசி நொய்யோடு சேர்த்துக் கிண்டி, கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்தால் விடியும்வரை பசிக்காது. மலையிலிருந்து இறங்கும் புளியில் கொட்டை எடுக்காததாகப் பார்த்து வாங்குவார். அது மலிவு. கொட்டையைத் தட்டி எடுக்கத்தான் அவருக்கு நேரம் இருக்கிறதே.

"வவுறு ரொம்பணும். அத்த பாத்துக்கினா போதும்" என்பார்.

பக்கத்து வீட்டுப் பாவாடை வேலி ஓரம் நின்று வம்புக்கு இழுப்பார். "இன்னாபா கொளஞ்சி, ஒங்கூட்டு கொழம்பு வாசன எங்கூட்டு சோத்துக்கே போதும் போலக்குதே."

"வாசனைக்கும் துட்டு கேப்பேன், பாத்துக்க."

இந்தப் பாவாடைதான் ஒரு நாள் போனில் அந்த வீடியோவைக் காட்டினார். ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் அரிசி கலக்கிறார்களாம். தண்ணீரில் போட்டால் மிதக்குமாம்.

கொளஞ்சியப்பன் அப்போதே ஒரு படி அரிசியைக் குண்டானில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். மிதந்தன. வெள்ளையாக, மற்ற அரிசியைவிட ஒரு மாதிரி வழவழப்பாக, ஒரு சிறு பிடி இருக்கும். இதையா இத்தனை நாள் பெண்டாட்டி பிள்ளைக்கு ஆக்கிப் போட்டோம்?

மறுநாள் முதல் அதுவே அவருடைய வேலையாகிவிட்டது. செல்லியம்மாள் வேலைக்குக் கிளம்பியதும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்துவிடுவார். ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடும் கண் அவருக்கு. முறத்தில் தப்பியது தண்ணீரில் மாட்டிக்கொள்ளும். பொறுக்கியதை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டு வைத்து வீட்டுக் கோழிகளுக்குப் போட்டார். இரண்டு நாள் பயத்தோடு பார்த்தார். கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"கோழி கல்லையே துன்னும். அதுக்கு இன்னா?" என்றார் பாவாடை. அதுவும் சரிதான் என்று பட்டது. கோழிகள் கொழுகொழுவென்று இருந்தன. முட்டைகள் கடைக்குப் போயின.

செல்லியம்மாள் ஆரம்பத்தில் ஒரு தரம் சொன்னாள். "ஊரே துன்னுது. நமக்கு மட்டும் இன்னா ஆயிடப் போவுது?"

"ஊரு துன்னட்டும். என் கையால ஒனக்கு அத்த போட மாட்டேன்."

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இரண்டு வருடம் ஓடியது.

இந்த ஆனி மாதம் அவள் வரப்பிலேயே மயங்கி விழுந்தாள். மாதா மாதம் உதிரப்போக்கு அதிகமாகத்தான் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் துணியை மாற்றிக்கொண்டே வேலைக்குப் போயிருக்கிறாள். கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கர்ப்பப்பையில் கட்டி, எடுத்தாக வேண்டும் என்றார்கள். ஆனால் உடனே முடியாது. ரத்த அளவு ஆறரைதான் இருக்கிறது, குறைந்தது பத்து வந்தால்தான் ஆபரேஷன் என்றார் டாக்டரம்மா. பத்து வரும்வரை கட்டி உள்ளேயே இருக்கும். கட்டி இருக்கும்வரை ரத்தம் போய்க்கொண்டே இருக்கும்.

மாத்திரை எழுதிக் கொடுத்த நர்ஸ் கேட்டார். "வீட்ல என்ன சாப்பிடுவீங்க?"

கேள்வி செல்லியம்மாளுக்கு. பதிலைக் கொளஞ்சியப்பன் சொன்னார். அது அவருடைய இலாகா. "ரேஷன் அரிசி சோறுதாங்க. ஆனா நல்லா சுத்தம் பண்ணித்தாங்க ஆக்குவேன். அந்த பிளாஸ்டிக் அரிசிய ஒண்ணு விடாம பொறுக்கிடுவேன்."

நர்ஸ் எழுதுவதை நிறுத்தினார். "எதைப் பொறுக்குவீங்க?"

"மெதக்குமேங்க, வெள்ளையா."

"ஐயோ, அது பிளாஸ்டிக் இல்லீங்க. அரிசி மாவுல இரும்புச்சத்து சேர்த்து, அரிசி மாதிரியே செஞ்சு கலக்குறாங்க. ரத்தம் ஊறத்தான் அது."

"அப்ப… என்னாலதாங்களா?" என்றார் கொளஞ்சியப்பன்.

நர்ஸ் நல்ல மனுஷி. குரலைத் தணித்துக்கொண்டார். "அப்படிச் சொல்ல முடியாதுங்க. இவங்களுக்குப் போறது ஜாஸ்தி. ஆனா கொஞ்சமா வர்றதையும் நீங்க நிறுத்தி வச்சிட்டீங்க. இனிமே பொறுக்காதீங்க. கஞ்சியையும் வடிக்காதீங்க."

டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த செல்லியம்மாள் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டாள். கொளஞ்சியப்பனுக்கு அந்த டப்பாதான் கண் முன்னால் வந்தது. இரண்டு வருடம். எத்தனை டப்பா.

வீட்டுக்கு வந்ததும் அவர் அடுப்பைப் பற்றவைக்காமல் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். "செல்லி, எனக்கு தெரியாது செல்லி. நல்லதுன்னு நெனச்சித்தான் செஞ்சேன்."

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"அது சத்து அரிசின்னு எனக்கு தெரியும். போன வருசமே ரேஷன் கடையில வரிசையில நிக்கசொல்ல எட போடற ஆளு எல்லாருக்கும் சொன்னாரு."

அவருக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "தெரிஞ்சிக்கினு ஏன் சொல்லல? வாயி இல்ல ஒனக்கு?"

"நீ வுழுந்தப்புறம் ஆறு மாசம் செவுத்தயே பாத்துக்கினு கெடந்த. ஆக்கறதுல மனசு போனப்புறந்தான் மனுசனா பேச ஆரம்பிச்ச. 'என் கையால போட மாட்டேன்'ன இல்ல, எனக்காவ ஒருத்தன் ஒக்காந்து அரிசி பொறுக்கறானேன்னு எனக்கும் ஒரு இதுவா இருந்துச்சி. பத்து அரிசில இன்னா பூடும்னு வுட்டுட்டேன்."

கொளஞ்சியப்பனுக்குத் திட்டுவதற்கு யாரும் மிச்சமில்லை. பாவாடையைத் திட்டலாம். ஆனால் அவரும் தன் வீட்டில் அதையே பொறுக்கிக்கொண்டுதான் இருந்தார். அன்று சாயங்காலம் வேலிக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். பாவாடை வழக்கம்போல ஏதோ கிண்டல் செய்ய வாயைத் திறந்தவர், இவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

இப்போது அரிசி கழுவும்போது மிதப்பது கழுநீரோடு ஓடிவிடாதபடி உள்ளங்கையால் அணைகட்டிச் சாய்க்கிறார். கஞ்சி வடிப்பதில்லை. முட்டை கடைக்குப் போவதில்லை. முருங்கைக் கீரை ஒரு நாள், கேழ்வரகுக் களி ஒரு நாள் என்று மாற்றி மாற்றிச் செய்கிறார். வயிறு நிறைக்கத் தெரிந்த அளவுக்கு ரத்தம் ஊறவைக்கத் தெரியவில்லையே என்று ஒவ்வொரு வேளையும் நினைத்துக்கொள்கிறார்.

மாத்திரை தவறாமல் சாப்பிட்டும் கார்த்திகையில் பார்த்தபோது எட்டுதான் வந்திருந்தது. அந்த மாதமும் ரத்தம் போனது ஜாஸ்தி. இன்னும் இரண்டு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. அதற்குள் கரும்பு வெட்டு ஆரம்பித்துவிட்டது. போக வேண்டாம் என்று கொளஞ்சியப்பன் கெஞ்சினார். "குந்திக்கினா அடுப்பு எரியுமா?" என்று அவள் கத்தியை எடுத்துக்கொண்டாள். தெருமுனைவரை வேகமாகப் போகிறவள், வேப்ப மரத்தடியில் ஒரு கையை ஊன்றி நின்று மூச்சு வாங்கிவிட்டுப் போவதைத் தினமும் வாசலில் நின்று பார்க்கிறார்.

நேற்று இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். கீரைக் குழம்பு. கொளஞ்சியப்பன் ஒரு கவளத்தை எடுத்தவர் தட்டிலேயே வைத்துவிட்டு, சோற்றை விரலால் பரப்பிப் பார்த்தார். தன் தட்டில் விழுந்த சத்து அரிசியையாவது பொறுக்கி அவள் தட்டில் போடலாம் என்று நினைத்தார். முறத்தில் ஒரே பார்வையில் பிடித்துவிடும் கண்தான். வெந்த சோற்றில் எல்லாம் ஒன்று போலவே இருந்தன.

"இன்னாயா தேடுற? கல்லு கெடக்குதா?" என்றாள் செல்லியம்மாள்.

"ஒண்ணுமில்ல" என்றார். பிறகு தன் சோற்றில் பாதியை அப்படியே அள்ளி அவள் தட்டில் வைத்தார்.