தரையில் விரித்த மாவட்டம்

சுருளைப் பிரித்ததும் வார்னிஷ் வாசம் முகத்தில் அடித்தது. பள்ளிக்கு வரைபடம் விற்க வந்தவர் என் மேஜைமேல் ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டிருந்தார். நான் தலைமையாசிரியை. அந்த வாசத்தில் ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டேன்.

அறுபதுகளின் தொடக்கம். கோயமுத்தூருக்கு வடக்கே எங்கள் ஊர். வகுப்புச் சுவரில் துணி ஒட்டிய மாவட்டப் படம் தொங்கும். ஒருநாள் பள்ளி இன்ஸ்பெக்டர் வந்து, "மேட்டுப்பாளையம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். படத்தில் அது எங்கள் ஊருக்கு மேலே இருந்தது. வகுப்பே ஓட்டுக்கூரையைக் கைகாட்டியது, நானும்தான்.

"மக்குகளா!" என்று சிரித்தார். எங்கள் வாத்தியார் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு நின்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அப்பா காய்கறி மூட்டையோடு வாராவாரம் போகிற ஊர் அது. எனக்கா வழி தெரியாது? எழுந்து போய்ப் படத்தைக் கழற்றித் தரையில் விரித்தேன். அதன் மேல் ஓரத்தை, ஜன்னலில் தெரிந்த நீலகிரி மலைப் பக்கம் திருப்பினேன்.

"படத்தைக் கீழே போட்டு மிதிப்பியா? எடுத்து மாட்டு!" என்று இன்ஸ்பெக்டர் அதட்டினார்.

கால் பட்ட ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எடுக்கவில்லை.

"மாட்டுனா மேட்டுப்பாளையம் கூரைக்குப் போயிருதுங்க சார். இப்பப் பாருங்க, மலைப் பக்கமே இருக்குதுங்க."

வெளியே நிற்கச் சொன்னார். மலையைப் பார்த்தபடி நின்றேன்.

"ஏனுங்க டீச்சர், எந்தச் செவுத்துல மாட்டறீங்கன்னு சொன்னா அளவு பாத்துத் தாரேனுங்க" என்றார் மேஜைக்கு எதிரே நின்ற வரைபடக்காரர்.

"செவுத்துல இல்லீங்க, தரையில. புள்ளைங்க மிதிச்சாலும் கிழியாத படமா எடுங்க."