ஒப்படைத்த நீலம்

அலுவலகத்தில் அவருக்கு 'ஒப்படை சார்' என்று பெயர். வைத்தது யாரோ, பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். அறையை விட்டு எழுந்தால் ஃபேனை நிறுத்துவார். பேனா இரவல் வாங்கினால் மூடியோடு திருப்பித் தருவார். கம்ப்யூட்டரிடம் கடுகளவு இடம் வாங்கினாலும் வேலை முடிந்த கையோடு விட்டுவிடுவார். புரோகிராம் எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்கு வாங்கத்தான் தெரியும். இவர் மட்டும் மேஜை மேஜையாகப் போய், "எடுத்தா ஒப்படைக்கணும்பா" என்று ஓதிக்கொண்டிருப்பார். அவர் தலையைக் கண்டதும் அவசரமாகப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

தொழிற்சாலைகளின் கட்டுப்பாட்டு அறைகளுக்குக் கம்ப்யூட்டர் திரை எழுதுவது அவர் வேலை. ஒரு பட்டனுக்கு 'நீலம்' என்று நாம் எழுதினால் திரைக்கு அது புரியாது. நடுவில் டூல்கிட் என்று ஒன்று இருந்து, அந்தச் சொல்லைத் திரைக்குப் புரியும் எண்ணாக மாற்றித் தருகிறது. ஒருமுறை மாற்றிய நீலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அடுத்த பட்டனும் நீலம் கேட்டால் அதையே கொடுக்கும். எத்தனை பட்டன்கள் அதை வைத்திருக்கின்றன என்று எண்ணி வைக்கச் சொன்னால் அதையும் செய்யும், கடைசிப் பட்டனும் விட்ட பிறகுதான் அந்த நிறத்தை விடுவிக்கும். ஒப்படை சார் மட்டும் அப்படி எண்ணச் சொன்னதே இல்லை. "அதெல்லாம் என் தலையிலேயே இருக்கு" என்பார். அத்தனை வருடமும் அது தப்பியதில்லை. அந்தத் தலைக்கனத்தை யார்தான் குறை சொல்ல முடியும்?

அவர் மனைவி தையல்காரி. துணியின் நிறத்துக்கு நூல் சேர்ப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவர் எழுதிய திரையை வீட்டில் காட்டினால், "என்னங்க இது, நீலமா? துவைச்சுத் துவைச்சு சாயம் போன மாதிரி இருக்கு" என்று ஒரே போடாகப் போடுவாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே மாற்றுவார். மறுநாள் அலுவலகத்தில் அந்த நீலத்தை எல்லோரும் மெச்சினால், மனைவி பெயரைச் சொல்லாமல் வாங்கிக்கொள்வார்.

அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போயிற்று, பேச்சு போயிற்று, எழுத்தும் போயிற்று. தன் பெயரை எழுதிக் காட்டினாலும் சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். நிறங்கள் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

அலுவலகத்தில் கழித்துப் போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி வந்து, எழுத்தே இல்லாத ஒரு திரையை அவளுக்காக எழுதிக் கட்டில்மேல் வைத்தார். சிவப்பைத் தொட்டால் தண்ணீர். மஞ்சளைத் தொட்டால் ஜன்னல். வெள்ளையைத் தொட்டால் விளக்கு. எதைத் தொட்டாலும் பக்கத்து அறையில், இப்போது வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற அவர் மேஜைமேல் மணி அடிக்கும், எந்த நிறம் என்றும் அங்கே தெரியும்.

அவளுக்கு அது போதவில்லை. இடது கையால் திரையை ஒதுக்கிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த நாற்காலியைத் தட்டினாள்.

"நான் வந்து உட்காரணுமா?"

தலையசைத்தாள்.

"எதுக்கு?"

மறுபடி நாற்காலியைத் தட்டினாள்.

"ஒண்ணும் வேணாம், சும்மா வந்து உட்காரணும். அவ்வளவுதானே?"

அவள் கண்ணில் சிரிப்பு வந்தது. தையல் டப்பாவைக் கேட்டு வாங்கி, கிளறி, ஒரு நூல்கண்டை எடுத்து நீட்டினாள். நல்ல ஆழமான நீலம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நாலு எட்டு நடப்பதற்கு ஒரு பட்டன் வேண்டுமா என்று கேட்டபோதும் அதே நூல்கண்டைத்தான் காட்டினாள். அவர் கூட இருக்கிற காரியம் எதுவானாலும் அவளுக்கு அந்த நிறம்தான். திரையில் மேலே நடக்க ஒரு நீலம், கீழே உட்கார ஒரு நீலம் என்று வைத்தார்.

கீழ் நீலத்தைத்தான் அவள் அதிகம் தொட்டாள். மணி அடித்ததும் வேலையைப் போட்டது போட்டபடி விட்டு வருவார். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கல்யாணமான இத்தனை வருடத்தில் அப்படி உட்கார அவர்களுக்கு நேரமே வாய்த்ததில்லை.

பிறகு பக்கவாதம் இரண்டாவது தடவை வந்தது. இனி அவள் எழுந்து நடக்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் கை திரைமேலேயே கிடந்தது. ஒரு விரல்தான் அசைந்தது. அந்த விரல் நடக்கிற நீலத்தைத் தேடிப் போய்விட்டால் அவரால் தாங்க முடியாது. அவள் தூங்கும்போது, தன் மேஜையில் இருந்தபடியே மேல் பட்டனை எடுத்துவிட்டார். எடுத்த கை, பழக்கத்தில் அதன் நிறத்தையும் ஒப்படைத்தது.

அதற்குப் பிறகு நீல மணி அடிக்கவில்லை. மஞ்சள்தான் அடித்தது. ஜன்னலைத் திறந்துவிட்டுப் போய் உட்காருவார், மறுபடி மஞ்சள். வந்து மூடுவார். சிவப்பு அடிக்கும். தண்ணீர் கொண்டுவந்தால் குடிக்க மாட்டாள். உடனே வெள்ளை அடிக்கும். திரை அவளைப் பார்த்து இருந்தது. தலைமாட்டில் நின்று கேட்டதைச் செய்துவிட்டுப் போகிறவர் அதை எட்டிப் பார்க்கவில்லை. அலுவலக வேலை ஒன்று கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"தொறக்கறதா, மூடறதா? ஒண்ணு சொல்லும்மா. என்னைப் போட்டு இப்படி அலைக்கழிக்கிறியே!" என்று ஒரு நாள் கத்தியும்விட்டார்.

அவள் அவரையே பார்த்தாள். அதன்பிறகு மணி குறைந்தது. அந்த வாரமே அவள் போய்ச் சேர்ந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, மகள் அந்த அறையை ஒழுங்குபண்ணினாள். கட்டில்மேல் கிடந்த திரையை எடுத்துப் பார்த்தாள்.

"அப்பா, அம்மா எப்பவும் நீலத்தைத்தான் தொடுவாங்கன்னு போன்ல சொல்வீங்களே. இதுல நீலமே இல்லையே?"

அவர் வாங்கிப் பார்த்தார். சிவப்பு இருந்தது, மஞ்சள் இருந்தது, வெள்ளை இருந்தது. கீழே நீலம் இருந்த இடத்தில் பின்னணியின் சாம்பல் மட்டும் இருந்தது.

அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பட்டன் இரண்டு, நீலம் ஒன்று. மேலே இருந்ததோடு சேர்த்து, கீழே அவள் தொடுகிற பட்டனின் நீலத்தையும் அவரே ஒப்படைத்திருக்கிறார். பழைய கம்ப்யூட்டர், நிறங்களுக்கு இடம் குறைவு. காலியான இடத்தில் சாம்பல் வந்து உட்கார்ந்துகொண்டது. பட்டன் அங்கேயேதான் இருந்தது. அவள் கண்ணுக்குத்தான் அது இல்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டு, கிடைத்த நிறத்தையெல்லாம் தொட்டு அவரைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் ஒவ்வொரு தடவையும் வந்து, ஜன்னலைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறார்.

மகளிடம் மட்டும், "பழைய மிஷின்மா" என்றார். அவள் காப்பி போடச் சமையலறைக்குப் போனாள்.

அவர் புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓடவிட்டார். நூல்கண்டின் நீலம், ஒன்றும் நடக்காததுபோல, தன் இடத்தில் வந்து நின்றது. கட்டிலில் அவள் படுத்திருந்த பக்கம் உட்கார்ந்து அதைத் தொட்டார். பக்கத்து அறையில் மணி அடித்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி தொட்டார்.

மகள் கையில் கரண்டியோடு ஓடிவந்தாள். "என்னப்பா, மணி அடிச்சுதே? என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்மா" என்றார். "சும்மா வந்து உட்காரு."