எண்ணாமல் விட்ட கைகள்

பத்மநாதன் சுவிட்சர்லாந்தின் வில் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் இரும்புக் குழாய்களுக்குத் திருகு வெட்டினார். மெஷினுக்கு அஞ்சாதவர், மனிதர்களுக்குத்தான் அஞ்சுவார். எண்பத்தைந்தில் இலங்கையிலிருந்து அகதியாக வந்த நாள் முதல், விசா புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் அவருக்குப் பயம்தான். தொண்ணூற்றெட்டில் குடியுரிமைக்கு விண்ணப்பித்த பிறகு அந்தப் பயம் அவரோடேயே குடியேறிவிட்டது. அவர் குடும்பம் இருந்த சிற்றூரில் அதை முடிவு செய்வது ஊர்க்கூட்டம். வேண்டும் என்பவர்கள் கையை உயர்த்துவார்கள், அதன் பிறகு வேண்டாம் என்பவர்கள் உயர்த்துவார்கள். தங்களுக்கு ஒரு நாடு உண்டா என்பது அந்தக் கைகளில்தான் இருந்தது.

கூட்டத்துக்கு முந்திய வாரம் பார்த்து மகள் நிரஞ்சினிக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பேச்சு. பழைய காலத் தேர்தல் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு வந்தது 1839இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்த ஆளுநர் தேர்தல். குசினியில் நின்று தகப்பனுக்குச் சொல்லிப் பழகினாள்.

"வருசா வருசம் நிண்டு தோத்த மனுசன் அப்பா. வெல்லுறதுக்குப் பாதிக்கு மேலை வோட் வேணும். அந்த முறை பாதிக்கு மேலை ஒரே ஒரு வோட்தான் கிடைச்சது."

"ஒண்டோ?"

"ஓம், ஒண்டு. அது இல்லாட்டி அவர் ஆளுநர் இல்லை."

"மற்றவர் சண்டைக்குப் போகேல்லையோ?"

"இல்லை. அவர்தான் அப்ப ஆளுநர். வழக்காட இடமிருந்தும் விட்டிட்டுப் போட்டார்."

"எங்கட ஆக்களெண்டால் பெட்டியையே தூக்கிக்கொண்டு போயிருப்பினம்," என்றார் மனைவி ராஜேஸ்வரி, வெட்டிக்கொண்டிருந்த வெங்காயத்திலிருந்து தலை நிமிராமல்.

பத்மநாதன் சிரிக்கவில்லை. அந்த ஒன்று அவர் தலைக்குள் புகுந்துவிட்டது. மெஷினடியில் நிற்கும்போதும் ஊரிலுள்ளவர்களை வீடு வீடாக நினைத்துப் பார்த்தார். யாருக்குத் தன்மேல் மனத்தாங்கல்? கடைசியில் அகப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நிரஞ்சினியின் பிறந்தநாள் கொண்டாட்டத்துப் போத்தல்களை அன்று தெருவோரத்துக் கண்ணாடிக் கழிவுத் தொட்டியில் போட்டிருந்தார். ஞாயிறு அமைதிநாள், சத்தமெழும்பப் போத்தல் போடக் கூடாது. தொட்டிக்கு எதிர்வீடு, அம்மான் என்ற சுவிஸ் குடும்பப்பெயர் கொண்ட ஓய்வுபெற்ற தச்சருடையது. அன்று அவர் வீட்டுத் திரை அசைந்ததைப் பத்மநாதன் கண்டிருந்தார்.

"நான் போய் மன்னிப்புக் கேட்டிட்டு வாறன்."

"சும்மா கிடக்கிறதைக் கிண்டாதேங்கோ," என்றார் ராஜேஸ்வரி. ஆனாலும் மீன் ரோல்ஸ் பொரித்து ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தார்.

அம்மான் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு ஜெர்மனில் நிதானமாகச் சொன்னார்: "ஓ, அது நீங்களா? இவ்வளவு நாளும் மேல்தெரு இத்தாலிக்காரன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்."

தட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். வீட்டுக்கு வந்த பத்மநாதன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

"எங்களுக்கு எதிரா ஒரு வோட்டை நீங்களே தேடிப்போய்க் குடுத்திட்டு வந்திருக்கிறியள்," என்றார் ராஜேஸ்வரி.

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. வாக்கெடுப்பு வந்தபோது மூவரையும் வெளியே நிற்கச் சொன்னார்கள். பிள்ளைகளின் கோட்டுகள் தொங்கும் நடையில் பத்மநாதன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே நாற்காலிகள் உரசின. யாரோ இருமினார்கள். அதன் பின் ஒரு சத்தமும் இல்லை.

"அப்பா, மூச்சை விடுங்கோ," என்றாள் நிரஞ்சினி.

கதவு திறந்தது. ஊர்த்தலைவர் கையை நீட்டினார். "வாழ்த்துகள். ஏற்றுக்கொண்டுவிட்டோம்."

ராஜேஸ்வரி அழுதுவிட்டார். பத்மநாதனுக்கு வாயில் வந்தது ஒரு கேள்விதான். "எத்தனை பேர் எதிர்ப்பு?"

"எண்ணவில்லை. பெரும்பான்மை பார்த்தாலே தெரிந்தது. அப்படியென்றால் இங்கே எண்ணுவதில்லை."

சனங்கள் வெளியே வந்தார்கள். இந்த ஊர் வழக்கப்படி ஒவ்வொருவராக வந்து கைகொடுத்தார்கள். பால்பண்ணைக்காரர், தபாற்காரி, அம்மான், பெயர் தெரியாத பலர். ஒருவர் இறுக்கிப் பிடித்தார், இன்னொருவர் தொட்டதும் எடுத்துக்கொண்டார். எது எந்தப் பக்கம் உயர்ந்த கை என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லோருக்கும் ஒரே குரலில் நன்றி சொன்னார். வரிசை முடிந்த பிறகும் அவருடைய வலது கை சற்று முன்னால் நீண்டபடியே இருந்தது.