மூன்றாம் மாடிக்குள் ஒரு பெயர்

கிராதிக் கதவை முனியப்பன் ஒரே இழுப்பில் மூடுவதில்லை. முக்கால் பங்கை வேகமாக இழுத்து, மீதியை உள்ளங்கையால் மெல்லத் தள்ளி, கொக்கி விழும் சத்தம் காதில் பட்டபிறகே பித்தளைக் கைப்பிடியைத் திருப்புவார். லிப்ட் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பும். அந்தக் குலுக்கலோடு கேள்வியும் வரும்.

"ஒரு பேரு சொல்றேன் சார். ஆளு யாருன்னு சொல்லுங்க. சந்தானம்."

மூன்றாம் மாடிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். யோசிக்க விடமாட்டார். "யோசிச்சா மரியாத வந்துடும் சார். மொதல்ல இன்னா தோணுதோ அதான் நெசம்."

ரெசிடென்சி ரோட்டில் எங்கள் காப்பிக்கொட்டைக் கம்பெனி இருக்கும் கட்டடத்தின் லிப்ட்காரர் அவர். முப்பத்தைந்து வயதிருக்கும். காக்கிச் சட்டையின் கழுத்துப் பட்டன் வரை போட்டிருப்பார். உட்கார ஒரு முக்காலி கொடுத்திருக்கிறார்கள். அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு சாக்பீஸ் டப்பா மட்டும் உட்கார்ந்திருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்தது 1958 கடைசியில். அப்போது அவர் மனைவி தனக்கோடிக்கு ஆறாம் மாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து உண்டான பிள்ளை. அதற்குத்தான் பெயர் தேடிக்கொண்டிருந்தார்.

அவர் தேடியது அழகான பெயர் இல்லை. சாமி பெயரும் இல்லை. காதில் விழுந்தால், பிள்ளை எந்தத் தெரு, எந்தக் கோயில், அப்பனுக்கு என்ன வேலை என்று ஒன்றுமே தெரியக்கூடாது. அப்படி ஒரு பெயர். அதைக் கண்டுபிடிக்க அவரே ஒரு பரீட்சையும் வைத்திருந்தார். நாலு பேரிடம் கேட்டு, நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னால் பெயர் பாஸ். எல்லோரும் ஒன்றையே சொன்னால் பெயில்.

சந்தானம் முதல் நாளே பெயில். எங்கள் கணக்குப் பிரிவின் தலைவர் வெங்கடராமன், "எங்காத்துலயே ரெண்டு சந்தானம் இருக்கா" என்றார். மற்ற மூவரும் அதையே வேறு வார்த்தையில் சொன்னார்கள்.

பச்சைமுத்து என்ற பெயரை அவர் கேட்டபோது நானும் லிப்டில் இருந்தேன். கேஷியர் கோவிந்தப்பா கன்னடக்காரர். எங்களோடு பேசிப் பேசித் தமிழ் பழகியவர். முதல் மாடி தாண்டுவதற்குள் சொல்லிவிட்டார்: "சேலம் கடே, அந்தப் பக்கம். ஸ்வல்ப நிலம் இர்க்கும். படிப்பு இல்லா."

"நல்லா மீசை வச்சிருப்பான்" என்றார் பின்னால் நின்ற இன்னொருவர்.

"தோள்ல துண்டு."

முனியப்பன் மூன்றாம் மாடியில் கதவைத் திறந்துவிட்டு என்னிடம் சொன்னார்: "பாத்தீங்களா சார், பொறக்காத புள்ளைக்கு மீசை வெச்சுட்டாங்க. துண்டும் போட்டு உட்டாங்க."

தேறாத பெயர்களுக்கும் ஓர் இடம் இருந்தது. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே சுண்ணாம்பு பூசிய உள்சுவர் கிராதி வழியாகத் தெரியும். ஆள் இல்லாத நேரத்தில் லிப்டை அங்கே நிறுத்தி, கம்பிகளுக்கு இடையே கையை விட்டு, சாக்பீஸால் பெயரை எழுதி அதன்மேல் ஒரு கோடு போடுவார். மேலே போகும்போது அந்தப் பட்டியலைக் கீழிருந்து மேலாகவும், இறங்கும்போது மேலிருந்து கீழாகவும் வாசிக்கலாம். தை பாதிக்குள் அது ஓர் ஆள் உயரம் வளர்ந்துவிட்டது. கட்டடத்தில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. அந்த இடத்தில் லிப்ட் நிற்கும் என்பதே பலருக்குத் தெரியாது.

பெயர்மேல் அவருக்கு ஏன் இத்தனை கவனம் என்று நான் கேட்டதில்லை. கேட்கும் பழக்கம் எனக்குக் குறைவு. அவரே ஒருநாள் மத்தியானம் சொன்னார். அவருடைய அப்பா ஆஸ்டின் டவுனுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார காப்டன் பங்களாவில் குதிரை பார்த்தவர். முதல் பிள்ளை பிறந்ததும் துரைசானி தன் தம்பி பெயரையே வைத்துவிட்டாள். அதனால் அண்ணன் டென்சில். அடுத்த பிள்ளைக்குள் துரைசானி சீமைக்குப் போய்விட்டாள். அதனால் தம்பி முனியப்பன்.

"எங்கண்ணன் கோயிலுக்குப் போனா ஐயரு பேரக் கேட்டுட்டு ரெண்டாந்தபா கேப்பாரு. சர்ச்சுப் பக்கம் போனா அப்பன் பேரக் கேட்டுட்டு ரெண்டாந்தபா கேப்பாங்க. பாவம், எங்க போனாலும் ரெண்டு தபா. என் பேருல அந்தப் பேஜாரு இல்ல சார். ஒரே தபாதான். கேட்டவொடனே தெரிஞ்சுக்குவாங்க."

அதற்கு ஓர் உதாரணமும் வைத்திருந்தார். எட்டாவது பாஸ் செய்துவிட்டு இந்தக் கட்டடத்துக்கு வந்தது பியூன் வேலைக்காகத்தான். மேஜைக்கு மேஜை தண்ணீர், காப்பி கொண்டுபோய் வைக்கும் வேலை. பெயரைக் கேட்டார்கள். தெருவைக் கேட்டார்கள். நீலசந்திரா என்றார். எதிரே இருந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"லிப்ட்டுல போட்டுட்டாங்க. லிப்ட்டுல யாருக்கும் தண்ணி குடுக்க வேணாம் இல்ல?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மணி அடித்தது. கீழே போய்விட்டார்.

வாரத்தில் இரண்டு நாள் தனக்கோடி சாப்பாட்டுத் தூக்கோடு வருவாள். வாசல்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே, போகிற வருகிற எல்லோரிடமும் புருஷனைப் பற்றிப் புகார் சொல்வாள். "தொட்டிலுக்குக் கயிறு வாங்கினு வான்னா, பேரு வாங்கினு வர்றாருங்க இந்த மனுசன். பேர கட்டியா தொங்க விடறது?"

"கயிறு கடையில கெடைக்கும்டி" என்பார் முனியப்பன், லிப்டுக்குள் இருந்தபடியே.

"கெடைக்கும். யாராச்சும் கடைக்குப் போனா!"

ஒருநாள் முனியப்பன் என் கையிலிருந்த கவிதைப் பத்திரிகையை வாங்கிப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் வைத்து, "இதுக்கு மேல பேரு இல்லியே சார், அச்சுல உட்டுட்டாங்களா?" என்றார். அந்தக் கவிதைக்குத் தலைப்பே கிடையாது என்றேன். "அப்பிடிக்கூட உடலாமா? யாரும் கேக்க மாட்டாங்களா?" என்று கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தார். கவிதையைப் படிக்கவில்லை. அதன் தலைக்கு மேலிருந்த வெற்றிடத்தைப் பார்த்தார்.

தை மாதக் கடைசியில் சரளா வந்தாள். எங்கே கேட்ட பெயரோ தெரியாது, காலையில் வரும்போதே முனியப்பன் முகம் வேறு மாதிரி இருந்தது. ஆண் பிள்ளைக்கு மோகன் என்று ஏற்கெனவே தேறியிருந்தது. பெண்ணுக்குத்தான் ஒன்றும் நிற்கவில்லை.

"சரளாவா? என் தங்கைக்கு நாதினி, அதா நாத்தனார். கௌடரு வீடு" என்றார் கோவிந்தப்பா.

ஸ்டெனோ மௌரீன், கையிலிருந்த குடையைத் தட்டி, "சரளா டீச்சர்! எங்க ஸ்கூல், மேன். சண்டே சர்ச்ல ஆர்கன் வாசிக்கும். ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்றாள்.

தபால்காரர், "பாலக்காட்டு நாயர் வீடு" என்றார். வெங்கடராமனைக் கேட்க முடியவில்லை. பேத்திக்குப் பெயர் வைக்க, மருமகளின் பிறந்த வீட்டுக்கு, கும்பகோணம் போயிருந்தார். ஆகவே நாலாவது ஆள் நான். இரண்டாம் மாடி தாண்டியது. சுவரில் கோடு போட்ட பெயர்கள் ஒவ்வொன்றாக இறங்கிப்போயின. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன்.

"ஒண்ணுமே தோணலியா?"

"இல்லை."

"அடி சக்க!" என்று கைப்பிடியைத் தட்டினார். லிப்ட் மூன்றாம் மாடியை ஒரு சாண் தாண்டிப்போய் நின்றது.

பங்குனியில் பெண் பிறந்தது. மறுவாரம் லிப்டில் ஏறிய எல்லோருக்கும் பெப்பர்மிண்ட் கொடுத்தார். "காகிதம் சுத்தினதுதான் சார், எல்லாரும் எடுத்துக்கலாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். வெங்கடராமனும் ஒன்று எடுத்துக்கொண்டார். அவர் நல்ல மனிதர். தன் பேத்திக்குப் பெயர் வைத்துத் திரும்பியபோது முனியப்பனுக்கும் பொட்டலம் மடித்து மைசூர்பாகு கொடுத்தவர். பேத்தியின் பெயர் சுப்புலக்ஷ்மி, தன் அம்மாவின் பெயர் என்று அப்போது எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

"பேஷ். என்ன பேர் வெச்சே?" என்றார் முனியப்பனிடம்.

"சரளா சார்."

வெங்கடராமன் பெப்பர்மிண்டின் காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிரிப்பதை நிறுத்திவிட்டு, மறுபடி சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஏண்டா, உனக்கு வேற பேரே கெடைக்கலையா?" என்றார். அவர் 'டா' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. மூன்றாம் மாடியில் இறங்கிப் போய்விட்டார்.

முனியப்பன் வருத்தப்படுவார் என்று நினைத்தேன். அவர் அதையும் ஒரு பரீட்சைத் தாள் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாயங்காலம் இறங்கும்போது சொன்னார்: "பேரு நல்லால்லன்னு சொல்லல, கவனிச்சீங்களா? வேற கெடைக்கலையான்னாரு. அப்ப நல்ல பேருதான் சார்."

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஆபீஸ் குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. லிப்டின் கிராதியில் செவ்வந்திச் சரம், கைப்பிடியில் சந்தனம், கீழ்ச்சந்தில் எலுமிச்சம்பழம். அன்று மட்டும் முக்காலியில் சாக்பீஸ் டப்பாவுக்குப் பதில் தனக்கோடி உட்கார்ந்திருந்தாள், மடியில் ஆறு மாதப் பெண்ணோடு. புருஷன் ஓட்டும் லிப்டில் ஒருதரம் ஏறிப் பார்க்க வந்தவள். கதவு மூடும் நேரத்தில் வெங்கடராமன் மருமகளோடு வந்தார். மருமகள் இடுப்பில் பேத்தி. தனக்கோடி அவசரமாக எழுந்து வெளியே போகப் பார்த்தாள்.

"இருக்கட்டும், நீங்க உக்காருங்கோ. குழந்தை வெச்சிண்டிருக்கேள்" என்றாள் மருமகள்.

தனக்கோடி உட்காரவில்லை; மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றாள். நான் இன்னொரு மூலையில். லிப்ட் கிளம்பியது. முதல் மாடியருகே அவள் பெண் செவ்வந்திச் சரத்தைப் பிடித்து இழுத்து வாயில் வைக்கப் போயிற்று.

"அடியே சரளா! பூவத் துன்னாத. இங்க பாரு, சரளா!"

இரண்டு குழந்தைகளும் திரும்பின. இரண்டும் தனக்கோடியின் முகத்தையே பார்த்தன. எனக்குச் சிரிப்பு வந்தது; சத்தம் கேட்டால் குழந்தைகள் திரும்பத்தானே செய்யும். மருமகள் தன் பெண்ணின் கன்னத்தில் கை வைத்து முகத்தைத் தன் தோள்பக்கம் திருப்பிக்கொண்டாள். கண் பட்டுவிடும் என்ற பயம் போலிருக்கிறது என்று நினைத்தேன். வெங்கடராமன் நகரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். முனியப்பன் மூன்றாம் மாடியில் கதவைத் திறந்து, வழக்கம்போல், "பாத்து எறங்குங்க" என்றார்.

அவர் இன்னும் அதே லிப்டில்தான் இருக்கிறார். கேள்வி கேட்பது மட்டும் நின்றுவிட்டது. சரளாவை நீலசந்திராவில் நான் பார்த்திருக்கிறேன். மூன்று வயதுக்கு நன்றாகவே வாயாடுகிறாள். ஆயுத பூஜை நாளைப் பற்றி முனியப்பன் என்னிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

போன மாதம் வெங்கடராமனின் ரிடையர்மெண்ட் காகிதங்களில் கையெழுத்து வாங்க மல்லேஸ்வரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கடைக்குப் போயிருந்தார். மருமகள் உள்ளேயிருந்து, "சரளா, மாமாவை உக்காரச் சொல்லு" என்று குரல் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வாசலுக்கே ஓடிவந்தாள். நான் யாரென்று ஞாபகம் வந்ததும் தயங்கி நின்று, பிறகு தானாகவே சொன்னாள்.

ஏட்டுக்கு சுப்புலக்ஷ்மி, வீட்டில் கூப்பிட, அவள் ஆசைப்பட்டு வைத்தது சரளா. பங்குனி மாதம் கும்பகோணத்துக்கு மாமனாரிடமிருந்து ஒரு கார்டு வந்ததாம்: இனிமேல் குழந்தையை சுப்புலக்ஷ்மி என்றே கூப்பிட வேண்டியது. காரணம் எழுதவில்லை. அவர் காதில் விழாமல் அவள் பழைய பெயரையே கூப்பிட்டு வந்திருக்கிறாள். காரணம் தெரிந்தது, தனக்கோடி தன் பெண்ணை அதட்டினாளே, அந்த நிமிஷம்.

"திரும்பி எறங்கறச்சே லிப்டுல நானும் குழந்தையும் மட்டும்தான். பாதி வழியில உங்க லிப்ட்காரர் நிறுத்திட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. குழந்தையைப் பார்த்து, ரொம்ப மெதுவா, 'சரளா'ன்னார். இவ சிரிச்சுண்டு கையை நீட்டினா. அவர் தன் கையைச் சட்டையில ரெண்டு தரம் தொடைச்சுண்டு, ஒரே ஒரு விரலை மட்டும் நீட்டினார். இவ கெட்டியாப் பிடிச்சுண்டா. இவளா விடற வரைக்கும் லிப்ட் நகரலை."