ஒரு கண்ணை மூடிப் பேசிய டாக்டரம்மா

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தவள். தாடை வீங்கியபோது புற்றுநோயோ என்று பயந்து, யாரிடமும் காட்டாமல் மஞ்சள் பத்துப் போட்டே பல மாதம் ஓட்டினேன். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அறுத்தெடுத்த கட்டியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. அதில் பார்த்துப் பழகியோ என்னவோ, பேசும்போதும் ஒரு கண்ணை மூடிக்கொள்வார்.

“ஆறு பிள்ளைய வளத்தவ நான். புத்துநோயா தாயி?”

“இல்ல ஆச்சி, நீர்க்கட்டிதான். கட்டியோட சுவர்ல, நோயை விரட்டுத செல்லுக கூட்டமா நிக்கு. பக்கத்துலயே புது ரத்தக்குழாயும் முளைச்சிருக்கு.”

“காவலுக்கு வந்தவனுக்குத் தண்ணி குடுக்க வாய்க்கால் வெட்டுனேனாக்கும்?”

“அந்தத் தண்ணியக் கட்டியும்லா குடிச்சிருக்கு! ஏழாவது பிள்ளையா வளத்திருக்கிய.”

மூடிய கண்ணையும் திறந்து சிரித்தார். எல்லாரும் என் தாடையையே பார்த்த அந்த நாட்களில், என் முகத்தைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

ஏட்டி பேத்தி, நான் சொல்லச் சொல்ல அவங்க சிரிச்சதையும் எழுதிட்டியா? வாசி, கேப்போம்.