அப்பாவின் கிதாரில் நான் திருகிய ஸ்க்ரூ

மகள் வாசிக்கக் கேட்டாள் என்று, காட்டூர் வீட்டில் அப்பாவின் பழைய எலெக்ட்ரிக் கிதாரை எடுத்துத் துருப்பிடித்த சேடில்களைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் சின்ன இரும்புத் துண்டுதான் சேடில். அதன் ஸ்க்ரூ கிறீச்சிட்டதும் எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது.

அப்போது மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா மாதா கோயில் பாடகர் குழுவில் வாசித்தார். சனிக்கிழமைதோறும் தையல் மிஷின் எண்ணெயைத் துணியில் தொட்டுக் கிதாரைத் துடைப்பார். வீடு முழுக்க அந்த வாசனை அடிக்கும். ஒருநாள் அவர் கடைக்குப் போன நேரத்தில், சேடில்களில் பளபளத்த ஸ்க்ரூக்களை ஆசையாகத் திருகிப் பார்த்தேன்.

மறுநாள் பூசையில் கிதார் அபசுரமாக ஒலித்தது. எத்தனை முறை சுருதி சேர்த்தும், மேல் கட்டைகளில் விரல் வைத்தால் விலகியது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "என் காது போயிடுச்சு, ஸ்டெல்லா. இனிமே வாசிக்கலை" என்றார். கிதார் பெட்டிக்குள் போனது. நான் வாய் திறக்கவில்லை.

முப்பது வருடம் கழித்து இன்று, ஒரு புது சேடிலை மாட்டிக் கம்பியை மீட்டிக்கொண்டே ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பியதும் சுருதி நகர்ந்தது. நாற்காலியில் இருந்த அப்பாவிடம் சொல்லிவிட்டேன்: "அன்னைக்கு நான்தாம்ப்பா இதைத் திருகினேன்."

"தெரியும்மா. பூசை முடிஞ்ச அன்னைக்கு சாயங்காலமே பார்த்துட்டேன்."

"அப்புறம் ஏன்ப்பா வாசிக்கலை?"

"நிறுத்தறதுக்கு ஒரு சாக்கு தேடிக்கிட்டிருந்தேன். நீ குடுத்துட்ட" என்று சொல்லி, பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

எதற்காக நிறுத்த நினைத்தார் என்று தெரியவில்லை. இத்தனை வருடம் நான் சுமந்தது என்ன என்றும் புரியவில்லை. கையிலிருந்த அடுத்த புது சேடில் எந்தக் கம்பிக்கு உரியது என்பதே மறந்துபோயிருந்தது.